எதிர் நாற்காலியில் ஒருவர்

அத்தியாயம் நான்கு

"இருநூத்திப் பன்னெண்டு பதிவு, அக்கா. எல்லாத்தையும் அச்செடுத்துட்டேன். நம்ம பிரின்டர் கடைசி மூச்சை விட்டுருச்சு. ஒரு நிமிஷம் எழுந்து நின்னு மௌனம் காப்போமா?"

யூரி காகிதக் கட்டைத் தொப்பென்று மேஜைமேல் போட்டாள்.

நாம்குங் எழுந்து நிற்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் தாளை இழுத்தாள். இன்ச்சான் போலீஸில், காணாமல் போனவர்கள் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டிவிட்டு, புப்யாங் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இந்த ஒற்றை அறையில் துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டியவள். ஆளைத் தேடுவதில் புலி. பாட்டு விஷயத்தில் மட்டும் சுத்த சூன்யம். தேசிய கீதத்தையே மற்றவர்கள் எழுந்து நிற்பதைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பாள்.

அந்தக் குறையை ஈடுகட்டத்தான் யூரி இருந்தாள். முப்பத்து மூன்று வயது. சனிக்கிழமைகளில் ஒரு நிலவறைக் கிளப்பில் பேஸ் கிதார் வாசிப்பாள். அவள் குழுவுக்கு ரசிகர்கள் ஏழு பேர். அதில் மூன்று பேர் சக வாத்தியக்காரர்களின் அம்மாக்கள்.

எதிர் சோபாவின் நுனியில், பிடித்த தொப்பியை விடாமல் உட்கார்ந்திருந்தார் பாங் ஹாக்சே. ஐம்பத்தாறு வயது. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வாத்தியார். வாலிபத்தில் 'உப்பளம்' என்ற ராக் குழுவில் டிரம்ஸ் அடித்தவர். அந்தக் குழுவுக்குப் பாட்டு கட்டி, கிதார் வாசித்துப் பாடியவன் அவருடைய நண்பன் தோ சாங்கில். 1999-ல் ஒரு நாள் கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போனவன் திரும்பவே இல்லை.

"அவன் உயிரோட இருக்கான், மேடம். அந்தத் தளத்துல எழுதுறது அவன்தான்."

"எதை வெச்சுச் சொல்றீங்க?"

'ஆறு கம்பி' என்ற அந்த இணையதளம் ராக் பைத்தியங்களின் சத்திரம். ஒரு பாட்டில் இந்தக் கார்டுக்குப் பிறகு அந்தக் கார்டு ஏன் வந்தது என்று பத்துப் பக்கம் சண்டை போடுவார்கள். ஒரே நேரத்தில் நாலு கம்பியை அமுக்கி மீட்டுவதற்கா இத்தனை அடிதடி என்பது நாம்குங்கின் சந்தேகம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் யாரோ அங்கே 'உப்பளம்' குழுவின் பழைய டேப் ஒன்றைப் போட்டிருந்தார்கள். 'நீர் வடிந்த கரை' என்ற பாட்டு. ஒரே சரணம். வெறும் கிதாரும் குரலும். பாதிப் பாட்டு. அதற்குப் பிறகுதான் 'எதிர் நாற்காலி' என்ற பெயரில் ஒருவர் அங்கே எழுத வந்தார்.

"டேப்புல இருக்கிற சுருதியை வெச்சு எல்லாரும் எழுதிட்டிருந்தாங்க," என்றார் ஹாக்சே. "இவரு வந்து, 'டேப் தப்பு, அரைக் கட்டை கீழே'ன்னு ஒரே வரி போட்டாரு. நிஜம்தான் மேடம். சாங்கிலுக்கு மேல எட்டாது. எப்பவும் கம்பியை அரைக் கட்டை இறக்கித்தான் கட்டுவான். பிரதி எடுத்த மிஷின் வேகமா ஓடிருச்சு. இது எங்க மூணு பேருக்குத்தான் தெரியும். பேஸ் வாசிச்சவன் செத்துப் பத்து வருஷம் ஆச்சு."

"அப்புறம்?"

"ரெண்டாவது சரணம்." அவர் குரல் இறங்கியது. "கையால எழுதின தாளைப் போட்டோ எடுத்துப் போட்டிருக்காரு. அதுல ரெண்டு வரி."

அவர் பார்க்காமலே சொன்னார்:

"போன்னு சொன்னவன் மனசு நோக வேணாம்,
நீர் ஏறினா படகு தானா மிதக்கும்."



"போன்னு சொன்னவன் நான்தான், மேடம். ரெண்டு வருஷமா ஒத்தைச் சரணத்தை வெச்சுக்கிட்டு அல்லாடினான். கம்பெனிக்காரன் முழுப் பாட்டு கேட்டு நெருக்கினான். எனக்கு ஆத்திரம். 'போடா, ரெண்டாவது சரணத்தை முடிச்சுட்டு என் மூஞ்சில முழி'ன்னேன். போயிட்டான்."

"அவருக்கே எழுதிக் கேட்டீங்களா?"

"கேட்டேன். 'சாங்கில், நீதானே?' ரெண்டே வார்த்தை. அதோட அவரு எழுதுறதையே நிறுத்திட்டாரு. நாப்பது நாள் ஆச்சு."

யூரி ஒரு தாளை உருவினாள். விரல்களை எந்தக் கம்பியில் எங்கே வைக்க வேண்டும் என்று புள்ளி வைத்துக் காட்டும் கார்டுப் படங்கள்.

"இது ஒண்ணுதான் இடிக்குது, அக்கா. படமெல்லாம் இடவலம் மாறிக் கிடக்கு. தளத்துல எல்லாரும் இவரு இடதுகைக்காரர்னு தீர்ப்பு சொல்லிட்டாங்க."

"சாங்கில் வலதுகைதான்," என்றார் ஹாக்சே. பிறகு அவசரமாக, "அடிகிடி பட்டுக் கை மாத்தியிருப்பான்," என்று சேர்த்துக்கொண்டார்.

நாம்குங் தாள்களைப் புரட்டினாள். சுருதியும் கார்டும் தலைக்கு மேல் போனதால் மற்ற வார்த்தைகளைப் படித்தாள். எதிர் நாற்காலிக்காரர் பதில் சொன்னதைவிடக் கேள்வி கேட்டதுதான் அதிகம். 'மூன்றாவது கார்டிலிருந்து நான்காவதுக்குப் போகும்போது என்ன ஆகிறது? ஒன்றும் தெரியாதவனுக்குச் சொல்வதுபோல் சொல்லுங்கள்.' யாரோ ஒரு ரசிகர் எழுதியிருந்தார்: 'வீட்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டு, கதவைத் தட்டாமல் பக்கத்துச் சந்தில் திரும்பிவிடுவதுபோல்.' அதற்கு எதிர் நாற்காலி: 'நன்றி. இப்போதுதான் புரிகிறது.'

"பாட்டு கட்டினவனுக்கு இது இப்பத்தான் புரியுதா?" என்றாள் நாம்குங்.

"பெரிய ஆளுங்க அப்படித்தான், அக்கா. தெரிஞ்சதையே கேட்டு நம்மளைப் பரீட்சை வைப்பாங்க."

நாம்குங்குக்கு என்னவோ உறுத்தியது. இந்த இருநூற்றுப் பன்னிரண்டு பதிவுகளில் இருக்க வேண்டிய ஏதோ ஒன்று இல்லை. என்னவென்று பிடிபடவில்லை. அதை ஒதுக்கிவிட்டு, கையெழுத்துத் தாளின் படத்தை எடுத்தாள். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். திருப்பினாள்.

"யூரி, இந்தத் தாள் எது?"

"ஏதோ பழைய காலண்டர் தாள். பின்பக்கத்துல எழுதியிருக்கார்."

"காலண்டர்தான். பின்னாலிருந்து அச்சு தெரியுது பாரு. தேதிக்குக் கீழே ரெண்டு ரெண்டு நேரம் போட்டிருக்கு. கடல் ஏறுற நேரம், இறங்குற நேரம். துறைக்குத் துறை அது மாறும்."

முக்கால் மணி நேரம் கணினியில் பழைய ஓத அட்டவணைகளைத் தேடினாள். கடைசியில் ஒன்று அச்சுப் பிசகாமல் பொருந்தியது. கங்வா தீவு, ஓய்போரித் துறை. வருஷம் 2018. தாளின் அடியில் மங்கலாக இரண்டு சொற்கள்: 'எஞ்சின் பழுது'.

"நான் இருநூத்திப் பன்னெண்டு பக்கம் படிச்சேன்," என்றாள் யூரி. "நீங்க காகிதத்தோட முதுகைப் படிச்சு முடிச்சுட்டீங்க. இந்த ஆபீஸ்ல நான் எதுக்கு?"

"கார் ஓட்ட."

காரை ஓட்டியது யூரிதான். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்தவர் வாத்தியார். அந்தப் பக்கம் இல்லாத பிரேக்கை அவருடைய வலது கால் வழி நெடுக மிதித்துக்கொண்டே வந்தது. மடியில் ஒரு பெட்டி பேரிக்காய். இருபத்தைந்து வருஷம் கழித்து ஒரு வீட்டுக்குப் போகும்போது வெறுங்கையோடு போவதா?

"கண்ணாடியைப் பாரும்மா... பார்த்தியா? எங்கே பார்த்தே?"

"அண்ணே, நான் லைசென்ஸ் வாங்கிப் பன்னெண்டு வருஷம் ஆச்சு."

"வாங்கிட்டுத்தான் எல்லாரும் இடிக்கிறாங்க."

பின்சீட்டில் கிம்பாப் என்ற சோற்றுச் சுருளைப் பிரித்துக்கொண்டிருந்த நாம்குங்குக்குச் சிரிப்பு வந்தது. ஹாக்சே இன்று பத்து வயது குறைந்தவர்போல் பேசிக்கொண்டே வந்தார். சாங்கிலுக்கு முடி கொட்டியிருக்குமா, தொப்பை போட்டிருக்குமா, பார்த்தவுடன் திட்டுவதா கட்டிக்கொள்வதா என்று அவரே கேட்டு அவரே பதில் சொன்னார். பாலம் தாண்டும்போது பேச்சு மறுபடி அவருடைய மாணவர்கள் பக்கம் திரும்பியது.

"காருக்கு எதிர்ல நின்னு கையைக் காட்டித்தான் நிறுத்தச் சொல்லிக்கொடுப்போம், மேடம். நான் இடது கையை ஆட்டினா அதுங்க வலது பக்கம் திருப்பிடும். தப்பு அதுங்க மேல இல்லை. எதிர்ல இருக்கிறவனுக்கு எல்லாம் இடவலம் மாறித்தான் தெரியும்."

நாம்குங்கின் கை வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

கிம்பாப்பைக் கீழே வைத்தாள். பையிலிருந்து கார்டுப் படத்தை எடுத்தாள். இடவலம் மாறிய படம். இடதுகைக்காரன் போட்டது இல்லை. வாசிப்பவன் போட்டதே இல்லை. வாசிப்பவனுக்கு எதிரே உட்கார்ந்து, அவன் விரல்களைப் பார்த்தபடியே வரைந்த படம். பெயரிலேயே சொல்லிவிட்டார்கள், எதிர் நாற்காலி என்று.

தலை நிமிர்ந்தாள். பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் யூரியின் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. அந்தக் கண்களில் கேலி இல்லை.

நாம்குங் லேசாகத் தலையை ஆட்டினாள். வேண்டாம். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் கற்றது அதுதான்: கதவு திறக்கும் முன்னால் நல்லதும் சொல்லாதே, கெட்டதும் சொல்லாதே. ஆனால் ஹாக்சே மடியிலிருந்த பேரிக்காய்ப் பெட்டியின் தூசியைச் சட்டைக் கையால் துடைத்தபோது, அவளால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

ஓய்போரியில் கடல் இறங்கியிருந்தது. சேற்றில் படகுகள் ஒருக்களித்துப் படுத்துக் கிடந்தன. இறால் கருவாட்டின் உப்பு வாடை தெருவெல்லாம் வீசியது. எஞ்சின் பழுது பார்க்கும் கடை துறைக்கு நேர் பின்னால் இருந்தது. கடைக்காரர் எண்ணெய்க் கையோடு வெளியே வந்தார். ஹாக்சே சாங்கிலின் பெயரைச் சொன்னார்.

"கிதார்க்காரர் வீடா? நேரா போங்க. கடைசி வீடு, நீலக் கூரை."

அவ்வளவுதான். ஹாக்சே நன்றிகூடச் சொல்லவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டார்.

"அக்கா," யூரியின் குரல் தாழ்ந்திருந்தது. "சொல்லிடலாமா?"

"என்னன்னு சொல்லுவே? எதிர் நாற்காலியில வேற யாரோ இருந்தா, இந்த நாற்காலியில அவரும் இருக்கலாமே."

அவளுக்கே அதில் நம்பிக்கை இல்லை.

நீலக் கூரை வீட்டு வாசலில் ஹாக்சே தொப்பியைக் கழற்றித் தலையைக் கோதிக்கொண்டிருந்தார். அழைப்பு மணியை அழுத்தினார். சத்தமே வரவில்லை.

"மணி கெட்டுப்போச்சு போல."

மறுபடி அழுத்தினார். ஜன்னலுக்குள் பளிச், பளிச் என்று ஒரு விளக்கு இரண்டு தடவை எரிந்து அணைந்தது.

நாம்குங்குக்குக் காலையிலிருந்து உறுத்தியது அந்த வெளிச்சத்தில் அகப்பட்டது. பாட்டைப் பற்றி மட்டுமே பேசும் ஒரு தளம். அதில் இருநூற்றுப் பன்னிரண்டு பதிவுகள். 'விரல் நடுங்குகிறது' உண்டு, 'பார்த்தேன்' உண்டு. 'கேட்டேன்' என்ற சொல் ஓர் இடத்தில்கூட இல்லை.

கதவு திறந்தது. ஐம்பதைத் தாண்டிய பெண்மணி ஒருவர் நின்றார். மூவரின் முகத்தையும் பார்க்கவில்லை, உதடுகளைப் பார்த்தார். பிறகு ஹாக்சேயை உற்றுப் பார்த்தார். அவர் கண்கள் விரிந்தன. இரண்டு கைகளையும் மடக்கி, இல்லாத குச்சிகளால் காற்றில் அடித்துக் காட்டினார். டிரம்ஸ் அடித்தவர் நீங்கள்தானே?

ஹாக்சே தலையாட்டினார். "சாங்கில் இருக்கானா?" என்றார். என்றபடியே அவர் பார்வை அந்தப் பெண்மணியின் தோளைத் தாண்டிப் போனது. உள்ளே, தணிந்த அலமாரி மேல், கறுப்பு நாடா கட்டிய படத்தில் முடி நரைத்த சாங்கில் சிரித்துக்கொண்டிருந்தார். தொப்பை போட்டிருக்கவில்லை.

ஹாக்சே அசையவே இல்லை. யூரிதான் அவர் கையிலிருந்து பெட்டியை வாங்க வேண்டியிருந்தது.

உள்ளே ஒரு மேஜை. இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, அந்தப் பக்கம் ஒரு நாற்காலி. சுவரில் கிதார். அந்தப் பெண்மணி கைபேசியில் எழுதிக் காட்டினார்.

'என் பெயர் பே ஜங்நிம். பிறந்ததிலிருந்து காது கேட்காது. அவரும் நானும் இங்கே பதினெட்டு வருஷம் இருந்தோம். அவர் படகு எஞ்சின் பழுது பார்த்தார். மூன்று வருஷத்துக்கு முன்னால் நுரையீரல் நோயில் போய்விட்டார்.'

யூரி எழுதிக் கேட்டாள்: 'அரைக் கட்டை கீழே என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?'

ஜங்நிம் கிதாரின் தலையில் மாட்டியிருந்த சின்னக் கருவியைத் தொட்டுக் காட்டினார். கம்பியை மீட்டினால் முள் நகர்ந்து சுருதியைக் காட்டும். 'அவர் முள்ளை எங்கே நிறுத்துவார் என்று தினமும் பார்த்திருக்கிறேன்.'

பிறகு நிறைய எழுதினார்.

'மாலையில் அவர் அந்த நாற்காலியில் வாசிப்பார். நான் இதில் உட்கார்ந்து பார்ப்பேன். எப்படி இருக்கும் என்று கேட்டால், சுமாராக இருக்கும் என்று எழுதிக் காட்டிச் சிரிப்பார். அவர் போன பிறகு அந்தத் தளத்தைக் கண்டுபிடித்தேன். அங்கே பாட்டை எழுத்தில் சொல்கிறார்கள். உலகத்தில் வேறு எங்கும் யாரும் எனக்குப் பாட்டை எழுத்தில் சொன்னதில்லை.'

ஹாக்சே கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மெதுவாகப் படித்தார். ஒற்றை விரலால் எழுதினார்: 'ஏன் திடீரென்று நிறுத்தினீர்கள்?'

'நீதானே என்று கேட்டிருந்தீர்கள். இல்லை என்று எழுதக் கை வரவில்லை.'

"அவன் ஏன் வரலை?" இதை ஹாக்சே எழுதவில்லை, வாய்விட்டுக் கேட்டார். ஜங்நிம் உதடுகளிலிருந்தே படித்துவிட்டார்.

'இரண்டாவது சரணம் முடிய 2018 ஆகிவிட்டது. முடித்த மறுநாளே பஸ் ஏறி உங்கள் பள்ளிக்கு வந்தார். சாலைக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தாராம். நீங்கள் ஒரு பெண்ணுக்குக் கார் நிறுத்தச் சொல்லிக்கொடுத்துச் சிரித்துக்கொண்டிருந்தீர்களாம். நன்றாக இருக்கிறான், அது போதும் என்று திரும்பிவிட்டார்.'

ஹாக்சே அதை மூன்று தடவை படித்தார்.

"சிரிச்சேனா? எந்தப் பொண்ணு? எந்த நாள்?" நாம்குங்கைப் பார்த்துக் கேட்டார், அவள் அதையும் துப்பறிந்து சொல்வாள் என்பதுபோல. "வாத்தியார் வேலை மேடம். அதுங்க பயப்படக் கூடாதுன்னு நாள் பூரா சிரிப்பேன். அதைப் போய்... ஒரு குரல் குடுத்திருந்தா என்ன? நல்லாத் திட்டியிருப்பேன். திட்டி முடிச்சுட்டுச் சோறு வாங்கிக் குடுத்திருப்பேன்..."

தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார்.

என்ன சொல்கிறார் என்று ஜங்நிம் யூரியைப் பார்த்துச் சைகையில் கேட்டார். யூரி கைபேசியை எடுத்தாள். இரண்டு வார்த்தை எழுதினாள். அழித்தாள். மறுபடி எழுதினாள். பிறகு அதை நாம்குங் கையில் திணித்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

நாம்குங் எழுதினாள்: 'திட்டிவிட்டுச் சாப்பாடு வாங்கிக் கொடுத்திருப்பாராம்.'

ஜங்நிம் படித்தார். சிரித்தார். கண்ணீர் கன்னத்தில் ஓடியது, துடைக்கவில்லை. பிறகு ஹாக்சேயின் சட்டைக் கையைத் தொட்டு எழுதிக் காட்டினார்.

'ஒரு சந்தேகம். தளத்தில் கேட்கத் தோன்றவில்லை. இந்தப் பாட்டில் ஒவ்வொரு வரி முடிந்ததும் அவர் கை நின்றுவிடும். கண்ணை மூடிக்கொள்வார். நாலு எண்ணும் நேரம். பிறகுதான் அடுத்த வரி. களைப்பு என்று நினைத்தேன். ஆனால் நன்றாக இருந்த காலத்திலும் அப்படித்தான். அங்கே அவர் என்ன செய்தார்?'

"டேப்புலயும் அந்த இடைவெளி உண்டு," ஜன்னல் பக்கம் திரும்பியபடியே யூரி சொன்னாள். "வரி மறந்துபோச்சுன்னு நாங்க பேசிக்கிட்டோம்."

"மறக்கலைம்மா," என்றார் ஹாக்சே. "அது என் இடம்."

அவர் எழுந்தார். மேஜைமேல் இருந்த எல்லாவற்றையும் ஒரு பக்கம் ஒதுக்கினார். ஜங்நிம்மின் இரண்டு கைகளையும் எடுத்து மரத்தின்மேல் விரித்து வைத்தார். பிறகு தன் உள்ளங்கைகளால் நாலு அடி அடித்தார். இரண்டு மெதுவாக, ஒன்று பலமாக, கடைசி ஒன்று பட்டும் படாமலும்.

ஜங்நிம்மின் தோள்கள் நிமிர்ந்தன. ஓர் உள்ளங்கை மேஜையை விட்டு வரவே இல்லை. மற்றக் கையைத் தூக்கிக் காற்றில் பிடித்தார். வலது கை. எதிரே இருந்து பதினெட்டு வருஷம் பார்த்த சாங்கிலின் இடது கை, கண்ணாடியில்போல் இடவலம் மாறி. விரல்கள் முதல் கார்டுக்கு மடங்கின, இரண்டாவதுக்கு நகர்ந்தன, மூன்றாவது, நான்காவது. வரி முடிந்தது. விரல்கள் நின்றன.

ஹாக்சே நாலு அடி அடித்தார்.

அடுத்த வரிக்கு விரல்கள் நகர்ந்தன. இப்படியே எட்டு வரி. அந்த வீட்டில் பாட்டு ஒரு சொல்கூட ஒலிக்கவில்லை. ஜங்நிம்மின் விரல்களைப் பார்த்து ஹாக்சே காத்திருந்தார். ஹாக்சேயின் அடியை மரத்தில் உணர்ந்து ஜங்நிம் தொடர்ந்தார். பாட்டே பிடிபடாத நாம்குங்குக்கு, எந்த இடத்தில் அடி விழும் என்று நாலாவது வரியிலேயே தெரிந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் அதற்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

கடைசி அடி அடித்த கையை ஹாக்சே எடுக்கவில்லை. மேஜைமேல் குனிந்து அப்படியே இருந்தார்.

ஜங்நிம் கைபேசியை எடுத்து எழுதி அவர் பக்கம் தள்ளினார்.

'இன்னொரு தடவை.'

ஹாக்சே முகத்தைத் துடைத்துக்கொண்டு கைகளைத் தூக்கினார்.